மசினகுடி பக்கம் தனி வீடு எடுப்பது பற்றி, கொடுங்கையூர் தம்பிக்கு

கொடுங்கையூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்கூல் லீவு விட்டதும் மே மாதம் இரண்டு குடும்பமாக முதுமலை போகிறார்கள், பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் மூன்று பேர். அம்மாவுக்கு முட்டி வலி. அப்பா ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் இருந்து ரிட்டயர் ஆனவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். லாட்ஜில் ஆளுக்கொரு ரூமில் அடைந்து கிடப்பதற்குத் தனி வீடாக எடுத்தால் எல்லாரும் ஒன்றாக இருக்கலாமே என்று மூன்று வீடு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று பொக்காபுரத்தில், காட்டை ஒட்டி, பக்கத்திலேயே ஓடை, ராத்திரி கேம்ப் ஃபயர் போடுவார்களாம், ஜீப்பில் நைட் சஃபாரியும் கூட்டிப் போவார்களாம். இரண்டாவது மசினகுடி ஊருக்குள், ஓனர் கீழே குடியிருந்துகொண்டு மாடியை விடுகிறார், படத்தில் பார்க்கச் சுமாராகத்தான் இருக்கிறது. மூன்றாவது கூடலூர் பக்கம் தொரப்பள்ளியில் ஒரு பெரிய பங்களா. இதில் எதை எடுப்பது, பொக்காபுரத்து ஆள் பாதிப் பணத்தை இன்றைக்கே போடச் சொல்கிறார், போடலாமா, நம்ம காரிலேயே போய்விடலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, அந்த மாடி வீட்டை எடுங்கள். பொக்காபுரத்துக்குப் பணம் போடாதீர்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்துக் குடும்பங்களுக்கு வேன் பிடித்து வீடு பேசி அங்கே அனுப்புகிற வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன், வருகிற எல்லாரும் முதலில் கேட்பது "காட்டுக்கு எவ்வளவு பக்கம்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியில் இருந்துதான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது.

காட்டுக்குள் போய்த் தங்கினால் நிறைய மிருகம் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் முதுமலையில் நீங்கள் எங்கே தங்கினாலும் காட்டுக்குள் இறங்கி நடக்க முடியாது, உங்கள் காரை ஓட்டிக்கொண்டு உள்ளே சுற்றவும் முடியாது. காட்டைப் பார்க்க வழி வனத்துறையின் சஃபாரி வண்டிதான், அது கிளம்புவது தெப்பக்காட்டில் இருந்து, காலையிலும் பிற்பகலிலும். மசினகுடி கடைத்தெருவில் இருந்து தெப்பக்காடு 7, 8 கிலோமீட்டர். பொக்காபுரம் அதற்கு எதிர்ப்பக்கம், மசினகுடியைத் தாண்டி இன்னும் உள்ளே. அதாவது "காட்டுக்குள்ளேயே" இருக்கிற அந்த வீட்டில் தங்கினால் சஃபாரிக்கு நீங்கள்தான் தூரமாகிறீர்கள், விடியற்காலை இருட்டில் பிள்ளைகளை எழுப்பி, யானை நிற்கக்கூடிய மண் ரோட்டில் வெளியே வர வேண்டும். சாயங்காலம் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அப்புறம் கேட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பார்க்கப்போனால் ஊருக்குள் தங்குகிறவருக்குக் காடு எவ்வளவோ அவ்வளவுதான் பொக்காபுரத்தில் தங்குகிறவருக்கும். ஊருக்குள் இருப்பவருக்குக் கூடுதலாகக் கடை, மருந்துக்கடை, பஸ், ஜீப், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அடுத்து அந்த இடத்தின் அமைப்பு. இதைத் தெரிந்துகொண்டால் எந்த வீட்டை எடுக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் சீகூர் பீடபூமியில் இருக்கின்றன. தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது, வடக்கே மாயார் ஆறு ஆழமான பள்ளத்தாக்காக வெட்டிக்கொண்டு போகிறது, யானை அந்தச் சுவரிலும் ஏறாது, அந்தப் பள்ளத்திலும் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. முதுமலைக் காட்டுக்கும் சத்தியமங்கலம் காட்டுக்கும் நடுவே அது போய்வர மிஞ்சியிருப்பது இந்தக் குறுகலான பட்டைதான். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் சேர்க்கிற வழி அது. அந்த வழியில்தான் வரிசையாக ரிசார்ட் வந்தது, வேலி வந்தது, கரண்ட் வேலியும் வந்தது.

2010-ல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2018 ஆகஸ்டில் கோர்ட் உத்தரவுப்படி மாவட்ட நிர்வாகம் 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழித்தட அறிவிப்பு சரிதான் என்று தீர்ப்புச் சொல்லி, நிலத்துக்காரர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. அதில் மாட்டிய பல கட்டிடங்களின் கதை ஒன்றுதான்: குடியிருக்கிற வீடு என்று பிளான் வாங்கிவிட்டு விடுதியாக நடத்தியது. நீங்கள் பாதிப் பணம் கட்டி, லீவு போட்டு, ஒன்பது பேரும் போய் இறங்கும்போது கேட்டில் சீல் இருந்தால் யாரைக் கேட்பீர்கள்? ஓனர் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பார். அங்கே இருக்கிற வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியாது.

கேம்ப் ஃபயர், நைட் சஃபாரி என்று விளம்பரம் போடுகிற வீட்டை நான் அந்த இடத்திலேயே அடித்துவிடுவேன். ராத்திரியில் வனத்துறை சஃபாரி நடத்துவதில்லை. தனியார் ஜீப்பில் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு மான், காட்டுமாடு தேடிப் போவது சட்டத்துக்கு விரோதம், பிடித்தால் வண்டிக்காரருக்கு மட்டும் இல்லாமல் உட்கார்ந்து போனவர்களுக்கும் சேர்த்துத்தான் வழக்கு, அபராதம். மே மாதம் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் தீ மூட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு பொறி போதும். சட்டம் மட்டும் இல்லை தம்பி. இந்த இரண்டையும் கூசாமல் விற்கிற ஆள் செப்டிக் டேங்க், ஒயரிங், கேஸ் சிலிண்டர், லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

2021 ஜனவரியில் மசினகுடியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். விடுதியாக விட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டுப் பக்கம் வந்த ஆண் யானையை விரட்ட, எரிகிற டயரைத் தூக்கி வீசினார்கள், அது காதில் சிக்கிக்கொண்டு எரிய, யானை அலறிக்கொண்டு ஓடுகிற வீடியோவை ஊரே பார்த்தது. முன்பே காயப்பட்டிருந்த அந்த யானையைச் சிகிச்சைக்குத் தெப்பக்காடு கொண்டு போகும் வழியிலேயே அது இறந்துபோனது. அந்த இடம் அனுமதி இல்லாமல் நடந்தது, பிறகு சீல் வைத்தார்கள். அதே வருஷம் ரிவால்டோ என்கிற யானையின் கதை. தும்பிக்கை நுனி அறுந்த யானை, வாழைத்தோட்டம் பக்கம் மனிதர்கள் பழம் கொடுத்துக் கொடுத்து அதற்கு வீட்டு வாசலே பழக்கமாகிவிட்டது. கடைசியில் மே மாதம் அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள், ஆகஸ்டில் ரேடியோ காலர் மாட்டி தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள், அது நடந்தே தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. இவை எல்லாம் அங்கே தங்கப் போகிற நம்மை மாதிரி ஆட்கள் கொடுக்கும் காசில் நடக்கிறவை என்பதால்தான் சொல்கிறேன். "எங்க வீட்டுக்கு யானை வரும் சார், பக்கத்துல பாக்கலாம்" என்று ஓனர் பெருமையாகச் சொன்னால், எதைப் போட்டு வரவழைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டைச் சுற்றிக் கரண்ட் வேலி போட்டிருக்கிறோம், பயமே வேண்டாம் என்றால் அதுவும் நல்ல அடையாளம் இல்லை.

சரி, தனியார் வீடே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. வனத்துறைக்கே தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடியில் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன, புலிகள் காப்பகத்தின் இணையதளத்திலேயே புக் செய்யலாம், கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மே மாதம், ஒன்பது பேர், எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே என்றால் கிடைப்பது கஷ்டம், ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்தபடி நான் எப்போதும் தேடுவது, ஓனர் தானே குடியிருக்கிற, ஊருக்குள் இருக்கிற, தார் ரோட்டில் இருந்து தெரிகிற வீடு. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாடியையோ பின்கட்டையோ விட்டுப் பிழைக்கிறார்கள். ராத்திரி வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் எப்போது லைட்டைப் போட வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்ம காசும் அந்தக் குடும்பத்துக்கே போகும். படம் சுமாராக இருப்பதற்குக் காரணம், அவர்கள் போட்டோகிராஃபர் வைத்து எடுக்கவில்லை என்பதுதான். அதற்காக மார்க் குறைக்காதீர்கள்.

அந்த வீட்டுக்கும் ஒரு இடைஞ்சல் இருக்கிறது, அது மாடி. முட்டி வலிக்கிற அம்மாவை ஒரு நாளைக்கு நாலு தடவை ஏற்றி இறக்க முடியாது. படிக்கட்டு வெளியில் இருக்கிறதா உள்ளேயா, கைப்பிடி இருக்கிறதா, எத்தனை படி என்று கேளுங்கள். வெளிப்படிக்கட்டு என்றால் இருட்டின பிறகு அதில் நடமாட்டமே வேண்டாம். கீழே ஒரு அறையை அம்மா அப்பாவுக்கு மட்டும் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், ஓனர் குடியிருக்கிற வீடுகளில் வயதானவர்கள் என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் அந்த அறையோடு சேர்ந்து இருக்க வேண்டும், இதை நேரடியாகக் கேளுங்கள், "எல்லா வசதியும் இருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள். கீழ் அறை கிடையாது என்றால் அதே தெருவில் வேறு வீடு சொல்லச் சொல்லுங்கள், சின்ன ஊர், ஒருவருக்கொருவர் தெரியும்.

போனில் பேசும்போது என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்றால், முதலில் வீடு உங்கள் சொந்த வீடா, லீசுக்கு எடுத்து நடத்துகிறீர்களா என்பது. லீசுக்கு எடுத்தவர்கள் எல்லாரும் மோசம் இல்லை, ஆனால் அனுமதி யார் பேரில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டே என்று பதிந்திருக்கிறீர்களா, ஊராட்சி லைசென்ஸ் இருக்கிறதா, அதன் படத்தை வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர் சந்தோஷமாக அனுப்புவார், மற்றவர் "அதெல்லாம் இங்க யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்பார், அந்த பதிலிலேயே விஷயம் முடிந்துவிடும். ஆதார் நகல் கேட்டு ரிஜிஸ்டரில் எழுதுகிற வீடு நல்ல வீடு. உங்களோடு சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஓனர் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும்.

அப்புறம் வீடு முழுவதும் நமக்கா, இல்லை பக்கத்து அறையில் இன்னொரு கும்பல் வருமா என்பது. இதைக் கேட்காமல் போய், ராத்திரி முழுக்கப் பாட்டுச் சத்தத்தில் தூங்காமல் திரும்பிய குடும்பங்கள் உண்டு. வாடகை வீட்டுக்கா, தலைக்கா? அந்தப் பக்கம் சாப்பாட்டோடு சேர்த்துத் தலைக்கணக்கு சொல்வது வழக்கம், அப்படி என்றால் எந்த வயசுப் பிள்ளைக்குப் பாதி, எந்த வயசுக்கு முழுசு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாமே சமைப்பதென்றால் அடுப்பு, கேஸ், பாத்திரம் யாருடையது, கேஸுக்குத் தனிக்காசா என்று கேளுங்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை இருக்கிறதா என்பதும் முக்கியம், இல்லாவிட்டால் பகலில் குரங்கு உள்ளே புகுந்து அரிசி மூட்டை வரைக்கும் பிரித்துவிடும், மிச்சம் மீதி சாப்பாட்டை வெளியே கொட்டினால் ராத்திரி காட்டுப்பன்றியும் கரடியும் மோப்பம் பிடித்து வரும். யானை மரத்தைச் சாய்த்துக் கரண்ட் கம்பி அறுவது அங்கே அடிக்கடி நடப்பது, அதனால் இன்வெர்ட்டர் வேண்டும். அப்பாவுக்கு மாத்திரையோடு இன்சுலினும் உண்டென்றால் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரு கம்பெனி சிம்முக்குச் சிக்னல் கிடைக்கிற தெருவில் இன்னொன்றுக்குக் கிடைக்காது, எது எடுக்கும் என்று ஓனரிடம் கேட்டு அந்த சிம் இருக்கிற போன் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

ராத்திரி விஷயம் இன்னொன்று. முதுமலை வழியாகப் போகிற ரோடும், அதைத் தாண்டிப் பந்திப்பூர் ரோடும் இரவு 9 மணியில் இருந்து காலை 6 வரை மூடிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டி போகலாம். மசினகுடியில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கூடலூர் அல்லது ஊட்டி. பெரியவர்களோடு போகிறவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்: நடு ராத்திரி 108-ஐக் கூப்பிட்டால் அந்த வண்டி வாசல் வரைக்கும் வருமா? ஊருக்குள் இருக்கிற வீட்டுக்கு வரும். ஓடைக்கரையில் மண் ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற வீட்டுக்கு, நடுவில் யானை நின்றால், அது நகர்கிற வரைக்கும் வராது.

தொரப்பள்ளி பங்களாவை நான் கெட்டது என்று சொல்லமாட்டேன். கூடலூர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரி கிட்டே, பச்சைப்பசேல் என்று இருக்கும், மசினகுடி மாதிரிக் காய்ந்து கிடக்காது. மலைக்கு இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், மசினகுடி மழை மறைவில் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். ஜூன் பிறந்துவிட்டால் தொரப்பள்ளியில் அட்டைக்கடியும் மண்சரிவு பயமும் சேர்ந்துகொள்ளும், நீங்கள் மே என்பதால் அது பெரிய கவலை இல்லை. ஆனால் மே மாதம் பலாப்பழ சீசன். கூடலூர் வட்டாரத்தில் பலா பழுக்கிற நாளில் யானை வீட்டு வளவுக்குள் வந்து பழம் பறித்துத் தின்னும், தொரப்பள்ளி அதற்குப் பேர்போன ஊர். பங்களா வளவில் பலாமரம் எத்தனை, காய்களை முன்னாலேயே வெட்டிவிடுவீர்களா என்று கேளுங்கள். தெப்பக்காட்டுக்கு மசினகுடியில் இருந்து போவதைவிடத் தூரம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மாடி வீட்டில் கீழ் அறை கிடைக்காமல் போனால் மட்டும் இதை எடுங்கள்.

பணம் போடுவதைப் பற்றி. பொக்காபுரத்து ஆள் "இன்னிக்கே போடலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் நெருக்கடிதான், உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அவசரப்படுத்துகிறவரிடம் பணம் போடாமல் இருப்பதால் நமக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மர வீடு ஒன்றின் படத்தைப் பார்த்து மயங்கி முழுப் பணத்தையும் யுபிஐ-யில் அனுப்பிவிட்டார்கள். படம் வேறு எந்த ஊரிலோ எடுத்தது, போன் மறுநாளே சுவிட்ச் ஆஃப். எந்த வீடாக இருந்தாலும் முதலில் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். ஹால், பெட்ரூம் காட்டுவது இருக்கட்டும், வாசலில் வந்து நின்று தெருவை இரண்டு பக்கமும் காட்டச் சொல்லுங்கள், வீடு இருக்கிற இடம், பக்கத்து வீடு, ரோடு எல்லாம் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். பணம் போகிற கணக்கின் பேரும் ஓனர் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நாள் வாடகை அளவுக்கு முன்பணம் போதும், மிச்சம் நேரில். நீலகிரிக்குள் வண்டி போக எடுக்க வேண்டிய இ-பாஸ் கிடைக்காமல் போனாலோ, காட்டுத் தீயால் காப்பகத்தை மூடினாலோ பணம் திரும்புமா என்று மெசேஜில் பதில் வாங்கி வையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு. விமர்சனங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள், தண்ணீர் வரவில்லை, ரோடு மோசம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். கோடையில் தண்ணீர் அந்த ஊரில் நிஜமான பிரச்சினை.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம டி.என். 05 வண்டியில் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் ஓட்டி, ராத்திரி 9-க்குள் செக்போஸ்ட் தாண்ட வேண்டும் என்று பதற்றத்தோடு போவது இரண்டு வயதானவர்களுக்கும் ஓட்டுகிறவருக்கும் நல்லதில்லை. ஊட்டி வழியாகப் போனால் கல்லட்டி வழியில் 30 கிலோமீட்டர்தான் என்று கூகுள் மேப் காட்டும், அதை நம்பாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, பயங்கர இறக்கம், 2018-ல் சென்னையில் இருந்து போன ஒரு கார் அந்த மலைப்பாதையில் உருண்டு, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த வழியில் கீழே இறங்க விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், அது சுமார் 70 கிலோமீட்டர். ஊட்டியில் தங்கிக்கொண்டு முதுமலை பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வட சென்னைக்காரர்களுக்கு ரயில்தான் வசதி. ஊட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளாம்பாக்கம் போய்ச் சேருவதே பாதிப் பயணம், சென்ட்ரல் நமக்குப் பக்கம். ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மைசூர். அங்கிருந்து குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாக மசினகுடி சுமார் 100 கிலோமீட்டர், சமவெளி ரோடு, அம்மாவுக்கு வாந்தி மயக்கம் வராது, பந்திப்பூர் தாண்டும்போதே வழியில் மான் கூட்டம் பார்த்துவிடலாம். வண்டியை மட்டும் நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கவும் கூடாது. அப்பாவுக்கு ரிட்டயர்டு பாஸ் இருக்குமே, அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மைசூரில் வேன் பேசும்போது கர்நாடகா வண்டி தமிழ்நாட்டுக்குள் வர பெர்மிட் யார் கட்டுவது, நீலகிரி இ-பாஸ் யார் எடுப்பது என்று முடிவு பண்ணிவிடுங்கள், கக்கனல்லா செக்போஸ்டில் நின்றுகொண்டு சண்டை போட முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல் இருந்து வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், காசு கிடையாது. 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள், அதனால் சனி ஞாயிறைத் தவிர்த்துத் திங்கள் முதல் வியாழன் வரை போனால் இ-பாஸ், வீட்டு வாடகை, சஃபாரி டிக்கெட் மூன்றும் சுலபமாகும்.

மசினகுடிக்குள் சுற்ற அங்கேயே ஜீப் கிடைக்கும், ஓனரையே பேசித் தரச் சொல்லுங்கள், பகலில் மட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கி ஏற்றாதீர்கள், நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் தடை, செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள், வீட்டில் இருக்கிற எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப் போங்கள். காய்ந்த புல்லில் உண்ணி இருக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கால் பேன்ட் போட்டுவிட்டு, சாயங்காலம் குளிக்கும்போது காது பின்னால், அக்குள், இடுப்பெல்லாம் பார்த்துவிடுங்கள்.

ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், மே மாதம் ஒன்பது பெர்த் ஒன்றாகக் கிடைக்க வேண்டுமென்றால் திறக்கிற அன்று காலையிலேயே உட்கார வேண்டும். அதற்கு முன்னால் மாடி வீட்டு ஓனருக்குப் போன் போட்டு, கீழ் அறை, வெஸ்டர்ன் டாய்லெட், லைசென்ஸ் படம், தண்ணீர், இந்த நாலையும் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முன்பணம் எவ்வளவு போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.